உணரியின் சிக்கனமும் காவலும்

லிட்டில் இந்தியாவை அடுத்து ஓடும் ரோச்சோர் கால்வாயை நாம் அறிவோம். சிங்கப்பூரின் கால்வாய்களிலும் வடிகால்களிலும் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்மட்ட உணரிகளைப் பொருத்தி, வெள்ளம் குறித்து மக்களை எச்சரிக்கிறது.

'உணர்' என்னும் வினையடியாகப் பிறந்தது 'உணரி' என்னும் சொல். மின்கலத்தால் இயங்கும் கம்பியில்லா உணரி, கணிப்பதைவிட வானலையில் செய்தி அனுப்பவே மிகுந்த ஆற்றலைச் செலவிடுகிறது. ஆகவே, சுருங்கச் சொல்லும் உணரியே நெடுநாள் உழைக்கும்.

அச்சிக்கனம் கருதிக் காவலைக் கைவிடலாமா? நீர்மட்டம் மறைபொருளன்று; ஆயினும் பொய்ச்செய்தி புகுந்தால் எச்சரிக்கையே பயனிழக்கும். 2004இல் அமெரிக்காவில் உருவான டைனிசெக் என்னும் முறை, ஒவ்வொரு செய்தியோடும் 4 பைட் அளவுள்ள முத்திரையைச் சேர்த்தது. மறைச்சாவி அறியாதார் அதனைப் போலியாக இடுதல் அரிது. செய்தியையும் சேர்த்து மறைத்தபோதுகூட, கூடிய மின்செலவு ஏறத்தாழ 10 விழுக்காட்டளவே.

எதனை மறைத்தல் வேண்டும், எதனை மெய்ப்பித்தல் போதும் எனப் பகுத்தறிவோமாயின், சிறிய மின்கலமும் நம்பத்தக்க காவலாகும்.