கணித்த எண்ணும் காட்டும் எண்ணும்

கணிப்பொறியின் நினைவகத்தில் எண்கள் இரும வடிவில் இருக்கின்றன. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள், இடப்புறம் எவ்வளவு வெற்றிடம், காற்புள்ளி எங்கே என்னும் தோற்றக் கூறுகள் எவையும் அங்கே அவற்றுக்கு இல்லை. அந்த மதிப்பை மனிதர் படிக்கத்தக்க எழுத்துத் தொடராக மாற்றும் வேலையை நிரலாளர்கள் ஃபார்மேட்டிங் என்பர். தமிழில் வடிவூட்டல் எனலாம். எல்லாம் முடிந்தபின் அழகுக்காகச் செய்யப்படும் வேலையாக இது கருதப்பட்டாலும், ஓர் அறிக்கையைப் படிப்பவர் எதை உண்மையென்று எடுத்துக்கொள்வார் என்பதைப் பல வேளைகளில் இதுவே முடிவு செய்கிறது.

ஐ.பி.எம். நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலேயே இதற்கெனத் தனிக் கட்டளை இருந்தது. எஃப் என்ற எழுத்துடன் 10.2 என்று எழுதினால், மொத்தம் பத்து இடங்களில், அவற்றுள் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு, வலப்புறம் ஒட்டி எண் அச்சாகும். இவ்வாறு ஒரு மதிப்புக்கு ஒதுக்கப்படும் இடத்தைப் புலம் என்றும், அதில் அடங்கும் எழுத்துகளின் எண்ணிக்கையைப் புல அகலம் என்றும் சொல்வர். வரிக்கு 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகள் வழங்கிய காலத்தில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு இடம் என்ற எண்ணம் இயல்பாகவே இதற்கு அடிப்படையாயிற்று.

எண், புலத்தைவிடப் பெரிதாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மொழிகள் அளித்த விடைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஐந்து இடங்கள் மட்டுமே உள்ள புலத்தில் 1234567 என்ற எண்ணை அச்சிடச் சொன்னால், ஃபோர்ட்ரான் ஐந்து உடுக்குறிகளை இட்டு, இடம் போதவில்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியின் பிரிண்ட்எஃப், பட்டியலின் நேர்க்கோடு குலைந்தாலும் ஏழு இலக்கங்களையும் முழுமையாக அச்சிடுகிறது. வணிகக் கணக்குகளுக்கென 1960-இல் வரையறுக்கப்பட்ட கோபோல் மொழியிலோ, ஐந்து இலக்கப் புலத்துக்கு அந்த எண்ணை மாற்றும்போது, இயல்பான ஏற்பாட்டில் முன்னிலக்கங்கள் இரண்டும் ஓசையின்றி வெட்டப்பட்டு 34567 மட்டுமே எஞ்சும். பார்வைக்கு ஒழுங்காக நிற்கும் இந்தப் பொய்யே மூன்றிலும் கொடியது; குலைந்த பட்டியலைக் கண்டவர் பிழையைத் தேடுவார், ஒழுங்கான பட்டியலைக் கண்டவர் தேடமாட்டார்.

இதே ஆபத்து, தசமங்களைக் குறைத்துக் காட்டும் முழுமையாக்கலிலும் மறைந்திருக்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகள் பின்ன எண்களை இரும மிதவைப் புள்ளி முறையில் சேமிப்பதால், 0.1 போன்ற எளிய மதிப்பையும் துல்லியமாக வைத்திருக்க இயலாது. பைத்தான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதும், 2.675-ஐ இரண்டு தசமங்களுக்குச் சுருக்கினால் எதிர்பார்க்கும் 2.68-க்கு மாறாக 2.67 கிடைப்பதும் இதனால்தான். ஆகவே, சுருக்கிய எண்களைக் கொண்டு மேலும் கணக்கிடாமல், மூல மதிப்புகளில் கணக்கை முடித்துவிட்டு, காட்டும் தருணத்தில் மட்டுமே சுருக்க வேண்டும்.

பட்டியலில் சொற்கள் இடப்புறம் ஒட்டியும் எண்கள் வலப்புறம் ஒட்டியும் நிற்க வேண்டும் என்ற மரபுக்குத் தக்க காரணம் உண்டு: ஒன்றின்கீழ் ஒன்றாக ஒன்றாமிடமும் பத்தாமிடமும் நேராக அமையும்போது, எந்த எண் பெரிது என்பதைப் படிக்காமலே கண் அறிந்துகொள்கிறது. இதற்கு நிரல் முதலில் தரவு முழுவதையும் ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீண்ட மதிப்பைக் கண்டறிந்து, இரண்டாம் சுற்றில்தான் அச்சிட வேண்டும்.

காற்புள்ளி இடுவதில் இந்திய வழக்கு வேறுபடுகிறது. பைத்தானின் காற்புள்ளிக் குறி 542310-ஐ மும்மூன்றாகப் பிரித்து 542,310 என்று தரும். லட்சக் கணக்கில் பழகிய கண்ணுக்கு 5,42,310 என்பதே எளிது. கோபோல் மொழியிலோ, காற்புள்ளி வேண்டிய இடங்களை நிரலாளரே மாதிரி வடிவமாக வரைந்து காட்டுவதால், இந்திய முறை அங்கே தடையின்றிப் பொருந்துகிறது.

தமிழ்ச் சொற்கள் பட்டியலில் நுழையும்போது, ஓர் எழுத்துக்கு ஓரிடம் என்ற பழைய எண்ணமே உடைந்துபோகிறது. திருநெல்வேலி என்பது படிப்பவருக்கு ஆறு எழுத்துகள், மெய்க்குரிய குறியையும் உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணும் ஒருங்குறியில் பன்னிரண்டு குறியீடுகள், யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 36 பைட்டுகள். சேலம் என்பதற்கு இவை முறையே 3, 5, 15. இருபது இட அகலம் கேட்டால், பைட்டுகளை எண்ணும் சி மொழி, சேலத்துக்கு ஐந்து வெற்றிடம் தந்து, திருநெல்வேலிக்கு ஒன்றும் தராது. குறியீடுகளை எண்ணும் பைத்தான் முன்னதற்குப் பதினைந்தும் பின்னதற்கு எட்டும் தரும். இரண்டிலும் அடுத்த நெடுவரிசை நேராக நிற்காது. உயிர்மெய்யை ஓரலகாக எண்ணும் விதிகளை ஒருங்குறித் தரம் வகுத்திருக்கிறது. நிரலாளர் அவற்றைப் பின்பற்றினால் எண்ணிக்கை சரியாகும். ஆயினும் ‘ர’வும் ‘ணை’யும் திரையில் ஒரே அகலம் கொள்வதில்லை. ஆதலால் தமிழ்ப் பட்டியல்களுக்கு வெற்றிடங்களை எண்ணி நிரப்புவதை விட்டுவிட்டு, எழுத்துருவின் உண்மையான அகலத்தை அளக்கவல்ல இணைய உலாவியிடமோ விரிதாளிடமோ தரவை அட்டவணையாகவே ஒப்படைப்பது நன்று.