‘ஓரமாகப் போ’ என்றால், ஓரம் எங்கே இருக்கிறது?

காலை மணி ஆறரை. தீபகற்ப மலேசியாவில் அந்த நேரத்தில் இன்னும் இருட்டுதான். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதிலிருந்து ஆண்டின் பெரும்பகுதியில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கிறது. பள்ளியோ ஏழரைக்கெல்லாம் தொடங்கிவிடும். தோட்டத்து லயத்திலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைக்கு, வாசலில் நிற்கும் தாய் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான்: “ஓரமாப் பார்த்துப் போய்யா.”

சொல்லில் அன்பு இருக்கிறது, அக்கறை இருக்கிறது. ஆனால், அந்தப் பிள்ளை ஏறப்போகும் சாலையில் ஓரம் இருக்கிறதா? தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம். அதை அடுத்து முழங்கால் உயரப் புல். அதற்கும் அப்பால் லோங்காங். மறுபக்கம், செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு விரைந்து வரும் லாரி. இவை இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளை போக வேண்டியிருக்கிறது.

கிராமப்புறச் சாலையில் சைக்கிளோட்டி அடிபட்டால், “அவன் கவனமாகப் போயிருக்க வேண்டும்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கவனம் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இடமே கொடுக்காத சாலையில் கவனம் மட்டும் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

வேகத்தின் கணக்கு

1989ஆம் ஆண்டின் தேசிய வேக வரம்பு ஆணையின்படி, வேறு பலகை வைக்கப்படாத கூட்டரசுச் சாலைகளிலும் மாநிலச் சாலைகளிலும் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கார் ஒவ்வொரு வினாடியும் 25 மீட்டர் ஓடுகிறது. சைக்கிளோ மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே பெரிது.

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கிற்குப் போவதற்கு, விழிப்பாக இருக்கும் ஓட்டுநருக்கும் ஒரு வினாடியாவது ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 45 மீட்டர். ஆக மொத்தம் 70 மீட்டர். எதிரே வருபவரின் கண் கூசாமல் தாழ்த்திய முகப்பு விளக்கோ ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். அதாவது, சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் போகும் ஒழுங்கான ஓட்டுநராலும், தம் விளக்கு வெளிச்சத்தில் தென்படும் பிள்ளைக்கு முன்னால் வண்டியை நிறுத்த முடியாது. மழை பெய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதே கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மொத்தம் 37 மீட்டரில் நின்றுவிடும். ஓட்டுநர் அதே ஆள்தான், விளக்கும் அதே விளக்குதான். வேகம் மட்டும் குறைந்தது, உயிர் தப்பியது.

விளிம்பை ஒட்டுவது பாதுகாப்பா?

சாலை விளிம்பை ஒட்டியே சைக்கிள் ஓட்டினால் ஆபத்து குறையும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் அங்கேதான் மண்ணும் கண்ணாடித் துண்டும் குவிகின்றன. தார் உடைவதும் அங்கேதான். சக்கரம் ஒரு முறை தாரை விட்டு இறங்கிவிட்டால், திரும்ப ஏறும்போது விளிம்பில் உரசி, சைக்கிள் சாலையின் நடுப்பக்கமாகச் சாய்கிறது. பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது அதன் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். விளிம்பில் இருப்பவருக்கு விலகிக்கொள்ள இடமே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. சைக்கிள் விளிம்போடு ஒட்டிப் போனால், அதே தடத்திலேயே நெருக்கிக்கொண்டு கடந்துவிடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றுகிறது. விளிம்பிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, வளைந்து நெளியாமல் நேர்கோட்டில் போவதே நல்லது.

கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். அப்படிப் போகும் சைக்கிளுக்கு விளிம்பிலிருந்து 1 மீட்டர் இடம் வேண்டும். லாரியின் அகலம் 2.5 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 1.5 மீட்டர் இடைவெளி. மொத்தம் 5 மீட்டர். கிராமப்புறச் சாலையில் ஒரு தடத்தின் அகலமோ மூன்று, மூன்றேகால் மீட்டர்தான். ஆகவே நடுக்கோட்டைத் தாண்டாமல் லாரி பாதுகாப்பாகக் கடக்கவே முடியாது. எதிரே வாகனம் வந்தாலும், நடுவில் இரட்டைக் கோடு இருந்தாலும் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

அப்படி 200 மீட்டர் தூரம் சைக்கிளின் பின்னால் மெதுவாகப் போனால் எவ்வளவு நேரம் வீணாகும்? ஏறக்குறைய 40 வினாடி. ஒரு பிள்ளையின் உயிருக்கு அது அதிக விலையா?

இந்த இடைவெளியைப் பல நாடுகள் எழுத்தில் வைத்துவிட்டன. ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விட்டுக் கடக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டன் தன் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 2022ஆம் ஆண்டு 1.5 மீட்டர் இடைவெளியைச் சேர்த்தது. சிங்கப்பூரும் அதே ஆண்டு முதல் 1.5 மீட்டரை வழிகாட்டியாகக் கொண்டுள்ளது.

நெதர்லாந்து கற்ற பாடம்

சைக்கிள் என்றால் நெதர்லாந்தைச் சொல்வார்கள். அந்த நாடும் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். ‘பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் தெருவில் இறங்கிய பிறகே மாற்றம் வந்தது.

இன்று அவர்கள் பின்பற்றும் கொள்கை எளிமையானது. கிராமப்புறத்தில் சைக்கிளும் காரும் ஒரே சாலையில் போக வேண்டுமானால், வேக வரம்பு 60 கிலோமீட்டர். வாகனங்கள் 80இல் ஓட வேண்டிய முக்கியச் சாலையானால் சைக்கிளுக்குத் தனிப் பாதை. ஒன்று வேகத்தைக் குறைப்பது, அல்லது இடத்தைப் பிரிப்பது. இரண்டும் இல்லாத சாலையைத்தான் ஆபத்தான சாலை என்கிறார்கள்.

இங்கே செய்யக்கூடியவை

மலேசியாவுக்கு இது புதிதல்ல. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போடப்பட்டது. சைக்கிள் தடத்தை எப்படி அமைப்பது என்ற தொழில்நுட்ப வழிகாட்டியைப் பொதுப்பணி இலாகா 1986ஆம் ஆண்டே வெளியிட்டது.

நாடு முழுக்கத் தனித்தடம் போட வேண்டும் என்பதில்லை. தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போகும் அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில் தொடங்கலாம். அங்கே சாலையோரத்தை ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டு, வெள்ளைக் கோட்டால் பிரிக்கலாம். சாலைக்கு மறுதார் போடும்போதே இதையும் சேர்த்துச் செய்தால் செலவு குறையும், விளிம்புப் பள்ளமும் மறையும். கம்பிகள் சாலையோடு நீளவாக்கில் ஓடும் வடிகால் மூடிகள் சைக்கிள் சக்கரத்தை விழுங்கிவிடும். அவற்றைக் குறுக்குக் கம்பி மூடிகளாக மாற்ற வேண்டும். வளைவுகளில் புல்லை வெட்டினால் ஓட்டுநருக்குச் சில வினாடிகள் முன்னதாகவே சைக்கிள் தெரியும். தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் பாதை பள்ளிப் பக்கமாகப் போகுமானால், நிர்வாகத்தின் அனுமதியோடு அதைச் சீராக்கி, பிள்ளைகளைப் பெரிய சாலையிலிருந்தே விலக்கிவிடலாம்.

சைக்கிளோட்டியின் பங்கும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது 1992 முதல் நடப்பில் உள்ளது. மற்றவர் கண்ணில் படுவதே பாதி பாதுகாப்பு என்பதுதான் அதன் அடிப்படை. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், வெளிர் நிறச் சட்டை ஆகியவை அவசியம். பெடலிலும் கணுக்காலிலும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டினால் இன்னும் நல்லது. மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டதும் அது ஒரு மனிதர் என்பதை ஓட்டுநர் விரைவாகப் புரிந்துகொள்கிறார்.

யாரிடம் கேட்பது?

“சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை” என்ற குறை பல இடங்களில் உண்டு. தவறான கதவைத் தட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம். சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்கிற்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’, ஜொகூருக்கு ‘ஜே’, கெடாவுக்கு ‘கே’, நெகிரி செம்பிலானுக்கு ‘என்’. கல்லே இல்லாத உள்சாலையானால் மாவட்ட மன்றத்தையோ தோட்ட நிர்வாகத்தையோ கேட்க வேண்டும்.

தனி ஒருவர் போய் முறையிடுவதைவிட, பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதினால் மதிப்பு கூடும். சாலையின் எண், கிலோமீட்டர், உடைந்த விளிம்பின் படம், அந்த வழியாகச் சைக்கிளில் போகும் மாணவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மனுவில் சேர்த்து, பொதுப்பணி இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுக்கலாம். விபத்து நடந்த மறுநாள் கொடுப்பதைவிட, நடப்பதற்கு முன்னால் கொடுக்கும் மனுவே பயன் தரும்.

நாளைக் காலையும் அந்தத் தாய் வாசலில் நின்று “ஓரமாப் போய்யா” என்றுதான் சொல்லப்போகிறார். பிள்ளையும் தலையாட்டிவிட்டுக் கிளம்பும். அது போவதற்கு ஓர் ஓரத்தை அமைத்துக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு.