சுரங்கமும் கிணற்று நீர்மட்டமும்

கிணற்றில் நீர் குறைந்தமை கண்ணாற் காணத்தக்கது. எக்காரணத்தாற் குறைந்தது என்பது ஆராய்ந்து அறியத்தக்கது. அதற்கு நீர்மட்டப் பதிவே துணையாவது. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இதற்குத் தக்க சான்று.

அதன் தென்மேற்கிலுள்ள கிறீன், வாஷிங்டன் மாவட்டங்களில் நெடுஞ்சுவர் முறையால் நிலக்கரி அகழப்படுகின்றது. கரியை வெட்டிக்கொண்டு தாங்கிகள் முன்னே நகர, பின்னுள்ள கூரை இடிந்து வீழும். மேலுள்ள பாறைப்படைகள் வளைந்து வெடிக்கும், நிலமும் தாழும். புதிய வெடிப்புகளில் நீர் புகுதலாற் கிணற்று நீர்மட்டம் சடுதியாக இறங்கும். சில கிணறுகள் மீண்டும் ஊறும், சில ஊறா.

ஆயினும் இறக்கம் யாவும் சுரங்கத்தால் விளைந்தன அல்ல. வரட்சியாலும் அயற்கிணற்று இறைப்பாலும் நீர்மட்டம் தாழும். வளிமண்டல அமுக்கம் உயரினும் ஆழ்கிணறுகளில் நீர் சிறிது இறங்குதலுண்டு. ஆதலின், அகழ்வு தொடங்குமுன்னரே பல பருவங்களிலும் மட்டத்தை அளந்து குறித்தல் வேண்டும். சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள கிணறொன்றையும் உடன் அளத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே இறங்கின், வரட்சி காரணமாகலாம். அண்மைக் கிணறு மட்டும் இறங்கின், சுரங்கம் ஐயத்துக்குரியது.

பாதிக்கப்பட்ட நீர்நிலையைச் சீராக்கவோ மாற்றுநீர் அளிக்கவோ வேண்டுமென்று, அம்மாநிலத்தின் 1994ஆம் ஆண்டு 54ஆம் சட்டம் சுரங்கத்தாரைக் கட்டுப்படுத்திற்று. அகழ்விடத்தின் விளிம்பிலிருந்து 35 பாகைக் கோணத்துள் அமைந்த கிணறாயின், கேடு தம்மால் விளையவில்லை என நிறுவும் பொறுப்பு அவர்களையே சாரும். ஆனால், முன்னளவை செய்ய இடங்கொடாத நிலவுடைமையாளர் இவ்வநுகூலத்தை இழப்பர். முன்னளவை இல்லாக்கால், கிணறு வற்றிய குடியானவர் தம் வழக்கை நிறுவுதல் அரிது.