ஸ்விட்சில் போர்ட் மிரரிங் அமைப்பது எப்படி?

“மத்தியானத்துக்கு மேல நெட் நகரவே மாட்டேங்குது” என்று ஒரு சிறிய அலுவலகத்தில் சொன்னார்கள். இணைய இணைப்பு கொடுத்தவர்களோ லைன் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். இப்படிப்பட்ட வழக்கை ஊகத்தால் தீர்க்க முடியாது. கேபிளில் என்ன ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

லேப்டாப்பில் நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டு, காலியாக இருக்கும் ஒரு போர்ட்டில் செருகினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திரையில் தெரிவது நம் லேப்டாப்பின் சொந்தப் போக்குவரத்தும், எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட்டும்தான். பழைய ஹப் தனக்கு வந்ததை எல்லாப் போர்ட்டிலும் ஒலிபரப்பும். ஸ்விட்ச் அப்படியில்லை. எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பட்டியல் வைத்துக்கொண்டு, உரியவரிடம் மட்டுமே சேர்க்கும். அந்த நல்ல பழக்கம்தான் இங்கே நம் பார்வையை மறைக்கிறது.

அதற்குத்தான் போர்ட் மிரரிங். ஒரு போர்ட்டில் வருவதையும் போவதையும் நகலெடுத்து, நாம் சொல்லும் இன்னொரு போர்ட்டுக்கு ஸ்விட்ச் அனுப்பும். அசல் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். சிஸ்கோ இதை ‘ஸ்பான்’ என்கிறது.

முதலில் ஸ்விட்சைப் பாருங்கள்

மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் வகை ஸ்விட்ச் வேண்டும். டிபி-லிங்கின் எஸ்ஜி108-இல் இந்த வசதி கிடையாது, எஸ்ஜி108இ-யில் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வாங்கும்போது அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

எந்தப் போர்ட்டை நகலெடுப்பது?

வேலையின் முக்கால்வாசி இந்த முடிவில்தான் இருக்கிறது. இணையம் மந்தம் என்றால், ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை எடுங்கள். ரவுட்டருக்கு உட்புறம் பார்ப்பதால் ஒவ்வொரு கணினியின் முகவரியும் தனித்தனியாகத் தெரியும். வெளிப்புறம் பார்த்தால், ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம் (நாட்) முடிந்தபின் எல்லாமே ஒரே முகவரியாகிவிடும். ஆனால் ஒரே ஸ்விட்சில் உள்ள கணினிக்கும் ஃபைல் சர்வருக்கும் இடையிலான பேச்சு ரவுட்டர் பக்கம் போவதே இல்லை. சிக்கல் அங்கே என்றால் சர்வரின் போர்ட்டை எடுக்க வேண்டும்.

அமைக்கும் முறை

டிபி-லிங்க் ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் ‘மானிட்டரிங்’ பகுதியில் ‘போர்ட் மிரர்’ இருக்கும். பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ‘மிரர்டு போர்ட்’ கவனிக்கப்படுவது, ‘மிரரிங் போர்ட்’ நகல் வந்து சேர்வது. ‘இன்கிரஸ்’, ‘எக்ரஸ்’ இரண்டையும் இயக்குங்கள். ஒன்றை விட்டால் உரையாடலில் ஒருவர் குரல் மட்டும்தான் கேட்கும்.

சிஸ்கோவில் கான்ஃபிகரேஷன் நிலையில் இரண்டே வரி:

மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/24 போத்
மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/10

அதன்பின் ‘ஷோ மானிட்டர் செஷன் 1’ கொடுத்துச் சரிபாருங்கள். நகல் வரும் போர்ட்டில் சிஸ்கோ வழக்கமான போக்குவரத்தை நிறுத்திவிடும். லேப்டாப்பில் நெட் போய்விட்டதே என்று பதற வேண்டாம். அதற்கு வைஃபையை வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1 கிகாபிட் போர்ட்டில் வருவது 1, போவது 1 என இரண்டும் நிரம்பினால் நகல் 2 கிகாபிட். அதை வாங்கும் போர்ட்டால் 1 கிகாபிட்தான் அனுப்ப முடியும், மிச்சம் உதிர்ந்துவிடும். அதனால் பதிவில் ஒரு பாக்கெட் இல்லை என்பதற்காக அது நெட்வொர்க்கிலேயே தொலைந்தது என்று முடிவு கட்டாதீர்கள். கேபிள் பழுதால் சிதைந்த ஃபிரேம்களும் பொதுவாக நகலில் வராது. அவற்றுக்குப் போர்ட்டின் எரர் கணக்கைப் பார்க்க வேண்டும். டிஸ்க் இடமும் முக்கியம்: நொடிக்கு 100 மெகாபிட் ஓடினால் ஒரு நிமிடப் பதிவே 750 மெகாபைட்.

பார்ப்பது எப்படி?

வயர்ஷார்க்கில் பாக்கெட் பாக்கெட்டாகப் படிக்க வேண்டியதில்லை. ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ மெனுவில் ‘கான்வர்சேஷன்ஸ்’ திறந்து, பைட் கணக்கில் இறங்குவரிசைப்படுத்துங்கள். நான் சொன்ன அலுவலகத்தில் முதல் வரியிலேயே விடை இருந்தது. ஒரே ஒரு கணினி, வெளியே ஒரே ஒரு முகவரிக்கு, ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. மதியம் 2 மணிக்கு யாரோ வைத்த கிளவுட் பேக்கப். அப்லோட் முழுவதையும் அது பிடித்துக்கொண்டதால் மற்றவர்களுக்கு வழியில்லை. நேரத்தை இரவுக்கு மாற்றியதும் சரியானது.

இவ்வளவு தெரிகிறது என்பதே பொறுப்பும் ஆகிறது. ஹெச்டிடிபிஎஸ் வழியே போகும் உள்ளடக்கம் தெரியாது. ஆனால் யார் எங்கே போகிறார்கள் என்பது பெரும்பாலும் தெரியும். எஃப்டிபி போன்ற பழைய வழிகளில் பாஸ்வேர்டே அப்படியே தெரியும். நெட்வொர்க்குக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் ‘நோ மானிட்டர் செஷன் 1’ கொடுத்து மூடுங்கள், பதிவையும் அழித்துவிடுங்கள். திறந்தே விட்டால், நாளை அந்தப் போர்ட்டில் செருகுகிற எவருக்கும் எல்லாம் தெரியும்.