விறகில் ஓடிய வண்டிகள்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "அந்தக் காலத்தில் கரியைப் போட்டே பஸ் ஓட்டினார்களே!" என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பேரக் குழந்தைகள் நம்பாமல் சிரிப்பார்கள். நம்பினால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்படியானால் இப்போது ஏன் ஓட்டக் கூடாது?" நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலில், தில்லிக் குளிர்காலத்தில் நம் உயிரைக் காக்கக் கூடிய ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது.

முதலில் கதையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பெருமளவில் பர்மாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் யெனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினரே அழித்துவிட்டுப் போனார்கள். பர்மாவில் பிழைக்கப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பியது அந்த ஆண்டில்தான். கையிருப்பில் இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கே போதவில்லை. ஊர் பஸ்களுக்கு ரேஷனில் கிடைத்தது சொற்பம். அந்த நெருக்கடியில்தான் சென்னை மாகாணமெங்கும் 'கரி பஸ்' வந்தது.

பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை பொருத்தியிருக்கும். விடியற்காலையில் கிளீனர் அதில் மூட்டை மூட்டையாக அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, காற்று ஊதும் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். கரி நன்றாகக் கனிந்து, வெளிவரும் வாயு தீக்குச்சியைக் காட்டினால் எரிகிற பக்குவத்துக்கு வர வேண்டும். அதன் பிறகுதான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். சாம்பல் தட்டுவதும் கரி நிரப்புவதும் வழிநெடுக உண்டு.

இது புகையில் ஓடிய வண்டி அல்ல, நீராவி வண்டியும் அல்ல. கரி தாராளமான காற்றில் எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகும். அந்த வாயு செக்கச் சிவந்த கரிப்படுகையின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. ஈரமோ நீராவியோ இருந்தால் ஹைட்ரஜனும் சேர்ந்து கிடைக்கும். இவை இரண்டும் எரியக் கூடியவை. குளிரவைத்து, வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை ஓரளவு செய்துவிடும். ஓரளவு என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வாயுவில் ஏறக்குறைய பாதி, எதற்கும் உதவாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்துவிடும். மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ளிய காரணம் இதுதான்.

ஐரோப்பாவில் கரிக்குப் பதிலாக விறகுத் துண்டுகளையே நேரடியாகப் போட்டு ஓட்டினார்கள். விறகில் தார் வரும். அது எஞ்சின் வால்வுகளில் ஒட்டிக்கொண்டு இயக்கத்தையே நிறுத்திவிடும். பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜார்ஜ் இம்பர் 1920களில் உருவாக்கிய உலை இதற்கு வழி கண்டது. வாயுவைக் கீழ்நோக்கி இழுத்துக் கனல் வழியாகவே செலுத்தினால் தாரின் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். போரின் முடிவில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடின. பெட்ரோல் தட்டுப்பாடு தீர்ந்ததும் சில ஆண்டுகளிலேயே அனேகமாக எல்லாம் மறைந்தன. பிற்காலத்திலும் வட கொரியாவில் விறகு லாரிகள் ஓடியிருக்கின்றன. அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் சொந்தத் தோப்பும் ரம்பமும் உடைய சிலர் பிக்அப் வண்டிகளின் பின்தட்டில் உலையை ஏற்றி, அன்றாடம் கடைவீதிக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால்

நாமும் ஓட்டலாமா? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக நன்கு உலர்ந்த விறகு இரண்டரை முதல் மூன்று கிலோ தேவை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் ஒரு பிக்அப் வண்டி, தில்லியிலிருந்து ஆக்ராவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போக 50, 60 கிலோ விறகு வேண்டும். அதைக் கரியில் ஓட்டினால் 30 கிலோ கரி போதும் என்று மகிழ வேண்டாம். மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும்: நாலைந்து கிலோ விறகு வெந்தால்தான் ஒரு கிலோ கரி. ஆக, கரியில் ஆக்ரா போய்ச்சேர 120 கிலோ விறகுக்கு மேல் எரிந்தாக வேண்டும். பஸ்ஸில் போனவருக்குக் கரி மூட்டைதான் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் எரிந்த விறகு கண்ணில் படவில்லை.

தென்மாவட்டங்களில் அந்தக் கரிக்குப் பெரிதும் பயன்படுவது சீமைக் கருவேலம். தில்லி வாசகர்கள் அதே மரத்தைத் தினமும் பார்க்கிறார்கள்: ரிட்ஜ் காட்டை நிறைத்திருக்கும் 'விலாயதி கீகர்' அதுவேதான். அதை வெட்டி வண்டி ஓட்டலாமே என்று தோன்றும். ஆனால் ரிட்ஜ் பாதுகாக்கப்பட்ட காடு. தில்லியில் அனுமதியில்லாமல் மரம் வெட்டத் தடை செய்யும் சட்டம் 1994 முதல் இருக்கிறது. மரத்துக்குப் பஞ்சமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அது எத்தனை நாள் வரும்? பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரிக்கப்படும் வைக்கோலைப் போடலாமா என்றால், அதில் சாம்பலும் சிலிக்காவும் அதிகம். உலைக்குள் உருகிக் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும்.

அதற்காக இந்த நுட்பமே வீண் என்று தள்ள வேண்டியதில்லை. வண்டியில் ஏற்றாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் இது நல்ல வேலைக்காரன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1980கள் முதல் இத்தகைய உலைகளை ஆராய்ந்து உருவாக்கியது. தில்லியைச் சேர்ந்த டெரி நிறுவனம் பட்டு நூற்பதற்கும் சிக்கிமில் பெரிய ஏலக்காய் உலர்த்துவதற்கும் இவற்றை அமைத்தது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில், 9 கிலோவாட் மரவாயு இயந்திரத்தால் குடிநீர் இறைத்துக் காட்டியது. மேடும் அவசரமும் இல்லாத இடத்தில், அருகிலேயே கிடைக்கும் கழிவு விறகைக் கொண்டு, பொறுமையாகச் செய்கிற வேலை இதற்குப் பொருந்துகிறது.

நம் வீட்டுக்குள் அதே வாயு

இனி முக்கியமான செய்தி. பஸ்ஸை ஓட்டிய அந்தக் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயு ஏறிச் செல்லும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளும். கரி பஸ்ஸின் உலை திறந்த வெளியில் இருந்ததால்தான் பெரும்பாலோர் தப்பினார்கள். மூடிய கொட்டகையில் உலையைப் பற்றவைப்பது எங்குமே ஆபத்தான காரியமாக இருந்தது.

தில்லியில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் பலர் அங்கீட்டியில் கரியை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். கனிந்து சிவந்த கரி புகைவதில்லை. புகையில்லையே, ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். கிளீனர் காத்திருந்தது அந்தக் கனிந்த கரிக்குத்தான்! பஸ்ஸுக்கான வாயு பிறக்கும் பக்குவமும் அறைக்குள் உறங்குபவர் உயிரைப் பறிக்கும் பக்குவமும் ஒன்றே. அநேகமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி மாண்டவர்களின் செய்தி பத்திரிகையில் வருகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரை ஓடவிடுவதும் இதே ஆபத்துதான்.

ஊரில் குளிர்காலம் என்றால் ஒரு போர்வை. புதிதாகத் தில்லிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும், சிறு வாடகை அறையில் தங்கி வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும், இரவு முழுக்கக் காவல் இருக்கும் சௌக்கிதாருக்கும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் சொல்ல வேண்டும். அங்கீட்டி வாசலோடு நிற்கட்டும். உறங்கும் அறைக்குள் எந்தக் கரியும் வேண்டாம். மூடிய அறையில் தலைவலி, குமட்டல், காரணமில்லாத மயக்கம் கண்டால் அனைவரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 112க்குத் தகவல் சொல்லுங்கள்.

கரி பஸ்ஸின் கதையைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். பஸ்ஸைத் தள்ளிய வேடிக்கையோடு, அந்த உலை ஏன் வண்டிக்கு வெளியே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.