அந்த வீடியோ யாருக்குச் சொந்தம்?

புதுக்கோட்டை மாவட்டத்து மனநல சிகிச்சைக்கு வீடியோ புதிதல்ல. சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் 2010-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு பேருந்து கிராமம் கிராமமாகப் போனது. உள்ளே திரையில் சென்னை மருத்துவர் பேசுவார்; மாத்திரையும் அங்கேயே இலவசம். பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கும் கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களுக்கு இந்த வழி ரொம்பவே பொருந்தும்.

இன்னொரு வகை வீடியோ உண்டு. நோயாளி தன்னையே பார்ப்பதற்கானது. நாள்பட்ட மனச்சிதைவு நோயில் காதில் கேட்கும் குரல்கள் மாத்திரைக்கு அடங்கினாலும், முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுங்கிக் கிடப்பது நீடிக்கலாம். வீட்டார் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். அது நோய். தன் மாற்றம் தனக்கே தெரியாமல் போவதும் நோய்தான். அதனால் சிகிச்சையாளர்கள், டீக்கடையில் டீ கேட்டு, காசு கொடுத்து, மீதிச் சில்லறை வாங்குவதை ஒத்திகையாகச் செய்யவைத்துப் படமெடுத்து அவரிடமே காட்டுவார்கள். நிமிர்ந்து பார்த்தேனா? கேட்கும்படி பேசினேனா? நன்றாகச் செய்ததை முதலில் காட்ட வேண்டும். அடுத்த முறை ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். இந்தப் பயிற்சி நடக்கிறதே என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

நோய் முற்றிய நேரத்தில் கத்தியதைப் படம்பிடித்து "பாரு, எப்படி இருந்தே" என்று காட்டுவது சிகிச்சையே அல்ல, கொடுமை. அவமானத்தில் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரலாம். யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று அஞ்சுபவருக்குக் கேமராவே பயம். அந்த வீடியோ வாட்ஸ்ஆப்பில் போய்விட்டாலோ, கல்யாணப் பேச்சிலிருந்து படகு வேலைவரை எல்லாமே கெடும்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 துணைக்கு இருக்கிறது. நோய் இருக்கிறது என்பதற்காக முடிவெடுக்கும் உரிமை போய்விடாது. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவப் பணியாளர்களின் கடமை (பிரிவு 23). சிகிச்சையில் இருப்பவரின் படத்தை, அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது; டிஜிட்டல் பதிவுக்கும் ரகசிய உரிமை பொருந்தும் (பிரிவு 24). மீறினால் சிகிச்சை நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம் இருக்கிறது. இலவச வக்கீல் உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416.

படமெடுக்கும் முன்பே கேளுங்கள்: யார் செல்போனில் இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? சரியான பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக மாத்திரை தர மறுக்கக் கூடாது.