பெயரில்லாப் படம் பேசுமோ?

நம் இல்லங்கள் பலவற்றில் பீரோவின் அடித்தட்டில் பழைய ஆல்பம் ஒன்று இருக்கும். ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம், இறந்தோரைச் சூழ்ந்து நின்று எடுத்த இறுதிப் படம் என மூன்று தலைமுறைகளின் வரலாறு அதில் அடங்கியிருக்கும். அண்மைக் காலத்தில் இப்படங்களைக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் படியெடுத்து வைக்கும் வழக்கம் பரவியுள்ளது. நற்செயலே. ஆயினும் கருவி தானாக இடும் பெயர் வெறும் எண்வரிசை. அது குறிக்கும் தேதியும் படியெடுத்த தேதியே. படம் பிடித்த தேதி அன்று. படத்தில் நிற்பவர் யார் என்பதை அறிந்தவர் வீட்டின் மூத்தவர் ஒருவராகவே இருப்பார். அவர் மறைந்த பின் படம் எஞ்சும். முன்னோரின் அடையாளம் எஞ்சாது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் படியெடுத்துப் பாதுகாத்துள்ளது. ஆய்வாளர் படத்தைக் காக்கலாம். அதிலுள்ள முகத்தின் பெயரை உறவினரன்றி வேறு யார் உரைக்க இயலும்?

பதிவேடு காட்டும் வழி

பெயரிடும் முறைக்கு நாம் வெளியே தேடவேண்டியதில்லை. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே, மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குக்குரு ஏட்டில் எழுதவேண்டுமெனப் பணித்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், ஞானஸ்நானம் பெற்றவர், பெற்றோர், ஞானப் பெற்றோர், திருப்பணியாளர், நாள், இடம் அனைத்தையும் பதியக் கோருகிறது. பின்னாளில் நிகழும் திருமணமும் அதே பதிவில் குறிக்கப்படும். யார், எவர் பிள்ளை, எந்நாள், எவ்விடம் என்ற இந்நான்கும் ஒவ்வொரு படத்திற்கும் வேண்டும்.

ஆண்டை முதலில் எழுதுக. 14-5-58 என்று எழுதினால் கணிப்பொறி நாளை வைத்தே படங்களை அடுக்கும், ஆண்டுகள் கலந்துவிடும். 1958-05-14 என்று எழுதினால் காலவரிசை தானே அமையும். சாய்கோடு கோப்புப் பெயரில் ஏற்கப்படாது. சிறு கோடே இடுக. நாள் தெரியாவிடில் 1958-00-00 எனலாம். ஆண்டும் ஐயமாயின் ‘சுமார்’ என்று பெயரிலேயே சேர்த்திடுக. ஊகத்தை உண்மைபோல் எழுதுதல் ஆகாது.

உறவுமுறையை மட்டும் எழுதற்க. இன்று நமக்குப் ‘பாட்டி’யானவர், நம் பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒருவர் ஆகிவிடுவார். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபாதலின், ஒரே குடும்பத்தில் மூன்று சவரிமுத்துக்கள் இருத்தல் கூடும். தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தாலன்றி அவர்களைப் பிரித்தறிய முடியாது. பெண்களுக்குக் கணவர் பெயரோடு தந்தை பெயரையும் குறிப்பது இன்றியமையாதது. திருமணத்தால் முதலெழுத்து மாறிவிட்டால், பிறந்த வீட்டின் கிளையே மறைந்துபோகும் அன்றோ?

இடத்திற்கும் ஒரே பெயரைக் கையாளுக. மயிலாப்பூரிலுள்ள ஒரே ஆலயத்தை ஒருவர் லஸ் கோயில் என்பார். மற்றவர் காட்டுக்கோயில் என்பார். வேறொருவர் பிரகாச மாதா ஆலயம் என்பார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்து எங்கும் அதையே எழுதினால், தேடும்போது எல்லாப் படங்களும் ஒருங்கே கிட்டும்.

காலத்தைக் காட்டும் சான்றுகள்

படத்தின் முகப்பை மட்டுமன்றிப் பின்புறத்தையும் படியெடுத்தல் வேண்டும். ஸ்டுடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும். அன்று மயிலாப்பூர் ‘மெட்ராஸ்-4’, தியாகராய நகர் ‘மெட்ராஸ்-17’, அடையாறு ‘மெட்ராஸ்-20’. ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே 600004 என்றோ 600020 என்றோ முத்திரை இருப்பின், அப்பிரதி அந்நாளுக்குப் பிற்பட்டது. பழைய எண்ணை மக்கள் பின்னரும் வழங்கியதால், அதனை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்தல் கூடாது.

ஆலயத்தின் உட்புறமும் காலம் சொல்லும். குரு பீடத்தின் பின்னே மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றும் படம், பெரும்பாலும் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிற்பட்டதாகவே இருக்கும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சென்னை வந்தபோது எடுத்த படமாயின், 1986 பிப்ரவரி என ஐயமின்றி எழுதலாம். கல்லறையில் பொறித்த நாள்களும் பங்கின் பதிவேடுகளும் எஞ்சிய ஐயங்களைத் தீர்க்க உதவும்.

காக்கும் முறை

சிறிய படங்களை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் படியெடுத்தல் நலம். ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், தாளோடு சேர்த்தே படியெடுக்கலாம். படத்தின் பின்புறம் எழுத நேர்ந்தால், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுக. பேனா மை முன்புறத்தில் ஊறித் தெரியக்கூடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் குறையாது.

படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றாவது வேறு வீட்டில் இருத்தல் வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே அலமாரியில் வைத்த மூன்று படிகளும் ஒரே வெள்ளத்தில் போய்விடும். மயிலாப்பூரில் வாழும் பெற்றோரின் படங்கள், தியாகராய நகரிலுள்ள மகளிடமும் இருக்கட்டும்.

ஆயிரம் படங்களையும் ஒரே நாளில் முடிக்க முயலவேண்டா. வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், வீட்டின் மூத்தவரோடு பத்துப் படங்களை மட்டும் எடுத்து அமர்வோம். அவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். எழுதியவரின் பெயரையும் தேதியையும் சேர்த்துக் குறித்தால், நாளை ஐயம் எழும்போது சான்று அவரே. ஏடு எழுதுவது பங்குக்குருவின் கடமையாயின், ஆல்பம் எழுதுவது குடும்பத்தின் கடமை.